பைபர் படகு: எந்த முறையில் கட்டுவது?

படகு கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எடையிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த முறையில் படகு இலேசாக வரும், எதில் இழை அதிகம், இழையைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசின் எதில் குறைவு என்று கணக்குப் போடுகிறார்கள். பொருள் விற்பவர்களின் கையேடுகளும் அந்த வரிசையில்தான் பேசும். நான் வேறொரு கேள்வியை முன்னால் வைப்பேன். வேலையில் பிழை நேர்ந்தால் அது எப்போது கண்ணில் படும்? அந்த நேரத்தில் எவ்வளவு பொருள் கையைவிட்டுப் போயிருக்கும்? கையால் அடுக்கும்போது காற்றுக் குமிழி ரோலருக்கு அடியிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கேயே அமுக்கி வெளியேற்றலாம். உலர்ந்த இழையைப் பைக்குள் அடைத்து, வெற்றிடத்தால் ரெசினை உள்ளே இழுக்கும் இன்ஃபியூஷனில் பிழை ஒரு மணி நேரத்துக்குள் தெரியும், ஆனால் அப்போது முழு படகுடலும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ரெசின் முன்பே ஊட்டிய இழையைச் சூடாக்கி இறுகவைக்கும் ப்ரீப்ரெக்கில் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மீயொலிக் கருவி வைத்துத் தேட வேண்டும். இந்த வேறுபாட்டைத் தாங்கும் வசதி நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானிக்கிறது.

எல்லா முறைகளிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். இழைக்குள் ரெசின் புக வேண்டும், காற்று வெளியேற வேண்டும், இறுகும்வரை இரண்டும் அச்சின் வடிவத்தில் நிற்க வேண்டும். சுமையைத் தாங்குவது இழை. அந்த இழைகளைப் பிடித்துவைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுமையைக் கடத்துவது ரெசின். தேவைக்கு மேல் நிற்கும் ரெசின் வெறும் எடை. தேவைக்குக் குறைந்தால் இழை வறண்டு, தண்ணீர் புக வழி கிடைக்கும். காற்றை வெளியேற்றும் பொறுப்பை ரோலர் பிடித்த கைக்குக் கொடுக்கிறோமா, வெற்றிடம் பிடித்து வளிமண்டல அழுத்தத்துக்குக் கொடுக்கிறோமா என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

முதலில் எண்ணிக்கை

ஒரே ஒரு படகா, ஒரே வடிவில் பல படகுகளா என்று முடிவு செய்யாமல் முறையைப் பற்றிப் பேசுவது வீண். குழி அச்சில் படகை எடுக்க வேண்டுமானால் முதலில் மாதிரி உடல் ஒன்றைச் செய்து, அதைப் படகின் வெளிப்புறம் எவ்வளவு வழவழப்பாக வேண்டுமோ அதைவிட ஒருபடி மேலாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதன் மேல் அச்சை அடுக்க வேண்டும். அச்சின் தகடு படகின் தகட்டைவிடத் தடிப்பாக இருக்கும். வளையாமல் இருக்கப் பின்புறம் சட்டங்கள் வேறு. ஆக, முதல் படகைக் கையில் எடுப்பதற்குள் மூன்று உடல்கள் கட்டியாகிவிடும். ஒரே படகுக்காக இந்த உழைப்பைச் செய்கிறவர், படகைவிட அச்சின் மேல் அதிகக் காதல் கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓர் அச்சு கையில் இருந்தால் கணக்கு மாறும். ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கையால் அடுக்குவதற்கென்று செய்த பழைய அச்சு, வெற்றிட வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருக்கும். அவற்றின் வழியே காற்று கசியும். வெற்றிடப் பையை ஒட்டுவதற்கு விளிம்பில் குறைந்தது 15 சென்டிமீட்டராவது அகலமான தட்டைப் பகுதி வேண்டும். பழைய அச்சுகளில் அது இருக்காது. ஒட்டுபட்டை, ரெசின் குழாய், காற்றை இழுக்கும் குழாய் மூன்றும் அந்த விளிம்பில்தான் உட்கார வேண்டும்.

கையால் அடுக்குவது

இதைப் பழைய முறை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 1973-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த எச்எம்எஸ் வில்டன், கண்ணாடி இழையால் கட்டப்பட்ட உலகின் முதல் போர்க்கப்பல். சுமார் 46 மீட்டர் நீளமுள்ள, கண்ணிவெடி தேடும் கலம். காந்தக் கண்ணிவெடி உணராத உடல் வேண்டும் என்பதால் இரும்பைத் தவிர்த்து, இழையைக் கையால் அடுக்கியே கட்டினார்கள். அவ்வளவு பெரிய கலத்துக்குப் போதுமாக இருந்த முறை, 6 மீட்டர் படகுக்குப் போதாது என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும்.

முறை எளிது. அச்சில் மெழுகு பூசி, படகின் வெளிப்பூச்சாகும் ஜெல்கோட்டை அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடித்து, அது பிசுக்கென்று ஒட்டும் நிலைக்கு வந்ததும் முதல் மேட்டை (வெட்டிய இழைத் துண்டுகளால் ஆன விரிப்பை) வைத்து ரெசின் ஊட்டி ரோலரால் உருட்ட வேண்டும். பிறகு அடுத்த அடுக்கு. வெட்டிய இழை மேட் மட்டும் வைத்தால் தகட்டின் எடையில் இழை 25 முதல் 35 சதவீதம். நெய்த ரோவிங் (தடித்த இழைக்கற்றைத் துணி) அல்லது தைத்த துணியைச் சேர்த்தால் 45 முதல் 50 சதவீதம் வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் போக முயன்றால் வறண்ட திட்டுகள் வரத் தொடங்கும்.

இதன் பலம் மன்னிக்கும் குணம். பிழை சிறிய அளவில், சீக்கிரம், திருத்தக்கூடிய நிலையில் வெளிப்படுகிறது. காற்று நின்ற இடத்தை இறுகிய பிறகும் தேய்த்தெடுத்து மறுபடி அடுக்கலாம். கருவி என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பாலியெஸ்டர் ரெசினில் வேலையை நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். ஓரிரு நாளுக்குள் அடுத்த அடுக்கை வைத்தால் அது முந்தைய அடுக்கோடு வேதியியல் முறையிலேயே பிணையும். நாள் கடந்துவிட்டால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பலவீனம், தகட்டின் தரம் ஆளைப் பொறுத்தது என்பது. காலையில் உருட்டிய பக்கமும் மாலையில் களைப்போடு உருட்டிய பக்கமும் ஒரே தடிப்பில் இருக்காது. அவசரப்படுகிறவர் ரெசினை அள்ளி ஊற்றுவார். ரெசின் அதிகமானால் தகடு பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும் என்பதால் பிழை வேலைத்திறமைபோல் தோற்றமளிக்கும். படகைத் தூக்கி எடை பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். இதற்கு மருந்து எளிது: துணியை எடை போட்டு, அதற்குரிய ரெசினையும் எடை போட்டு, அந்த அளவுக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைப்பது. பாதிப் பட்டறைகளில் தராசு இருக்கும். அதை ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை அளக்க மட்டும் பயன்படுத்துவார்கள்.

எச்சரிக்கை ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் பெராக்சைடு கேட்டலிஸ்ட்டும் அந்த இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் நேரடியாக ஒன்றோடொன்று சேரக்கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். ஆக்சிலரேட்டர் முன்பே கலந்த ரெசினை வாங்கினால் இந்த ஆபத்து வாசலிலேயே நின்றுவிடும். புதியவர்கள் அப்படித்தான் வாங்க வேண்டும்.

துப்பாக்கியால் இழையை வெட்டி ரெசினோடு சேர்த்துத் தெளிக்கும் முறை இதன் வேகமான தம்பி. இழை அளவு மேட்டைப் போலத்தான். தடிப்பு முழுக்கத் தெளிப்பவரின் மணிக்கட்டில் இருக்கிறது. நிறைய எண்ணிக்கையில், எடையைப் பற்றிக் கவலையில்லாத உருப்படிகளுக்குச் சரி. படகின் அடிப்பாகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெற்றிடப் பை

கையால் அடுக்கிய ஈரத் தகட்டின் மேல் உரித்தெடுக்கும் துணி, துளையிட்ட படலம், ரெசினை உறிஞ்சும் பஞ்சுத்துணி, எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் பை என்று வைத்து, ஓரங்களை ஒட்டி, பம்பால் காற்றை இழுப்பது இந்த முறை. முழு வெற்றிடம் கிடைத்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 10 டன் எடைக்குச் சமமான அழுத்தம் விழும். எந்த ரோலராலும் அதைத் தர முடியாது. மிகுதி ரெசின் பஞ்சுத்துணிக்குள் போகும். தகடு இறுக்கமாக வரும்.

இதன் உண்மையான பயன் சாண்ட்விச் அமைப்பில் தெரிகிறது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஃபோம் அல்லது பால்சா மரத்தை வைப்பது சாண்ட்விச். நடுவில் இருப்பதைத் தொழிலில் கோர் என்கிறார்கள். தகட்டின் அளவை மாற்றாமல், கோரை இடையில் நுழைத்து மொத்தத் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏறத்தாழ ஏழு மடங்காகும். எடை மிகச் சிறிதளவே கூடும். ஆனால் கோரைக் கையால் அமுக்கி ஒட்டினால் அடியில் எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று தெரியாது. ஒட்டாத இடம் அலை அடிக்க அடிக்கப் பிரிந்துகொண்டே போகும். பால்சாவாக இருந்தால், துளை போட்டுச் சரியாக அடைக்காத ஏதோ ஓர் இடத்திலிருந்து தண்ணீர் புகுந்து அழுகத் தொடங்கும். பையின் அழுத்தம் கோரை எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்திப் பிடிக்கிறது. கையால் அடுக்கிய வெளித்தகடு, பையால் ஒட்டிய கோர், மறுபடி கையால் உள்தகடு என்ற கலவை, சிறிய பட்டறைகளுக்கு நல்ல நடுவழி என்பது என் கருத்து.

தடை, கடிகாரம். ரெசினைக் கலந்த நொடியிலிருந்து நேரம் ஓடுகிறது. எல்லா அடுக்குகளையும் ஈரமாக்கி, பை விரித்து, கசிவு தேடி அடைத்து, வெற்றிடம் பிடிக்கும்வரை ரெசின் கெட்டிப்படாமல் இருக்க வேண்டும். பெரிய பரப்பில் இது ஆட்களை ஓட ஓட விரட்டும். ஒட்டும் பிசினோடு ஈரக் கையுறையில் பையின் ஓரத்தை ஒட்டுவது எவ்வளவு பொறுமையைச் சோதிக்கும் என்பதைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும்.

இன்ஃபியூஷன்: எல்லோரும் கேட்பது

இன்ஃபியூஷன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இழை, கோர், மறுபடி இழை என எல்லாவற்றையும் உலர்ந்த நிலையிலேயே அச்சில் அடுக்கி, பைக்குள் அடைத்து, வெற்றிடம் பிடித்து, கசிவே இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ரெசின் குழாயைத் திறக்க வேண்டும். அடுக்கும்போது கடிகாரம் இல்லை. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காத துணியை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். மேற்பார்வையாளர் ஒவ்வோர் அடுக்கையும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கரான பில் சீமன் உருவாக்கி 1990-இல் காப்புரிமை பெற்ற ஸ்கிரிம்ப் முறைதான் இதைப் படகுத் தொழிலில் பரவலாக்கியது. ஸ்வீடன் கடற்படையின் விஸ்பி வகைப் போர்க்கலம், சுமார் 73 மீட்டர், கார்பன் இழைச் சாண்ட்விச்சாக இப்படி வெற்றிடத்தில் ரெசின் ஊட்டிக் கட்டப்பட்டது. முதல் கலம் 2000-இல் நீரில் இறங்கியது.

இழை அளவு எடையில் 60 முதல் 70 சதவீதம் வரும். கோரின் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் ஒட்டும். ரெசின் மூடிய பைக்குள் ஓடுவதால் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி பட்டறையை நிரப்பாது. ஆள் மாறினாலும் படகு மாறாது. முதல் படகின் எடைக்கும் இருபதாவது படகின் எடைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றைக் கேட்டு உடனே மாறுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோ கண்ணாடி இழை என்று வைத்துக்கொள்வோம். கையால் நன்றாக அடுக்கி இழையை 50 சதவீதத்தில் நிறுத்தினால் ரெசினும் 3 கிலோ. மொத்தம் 6 கிலோ, தடிப்பு ஏறத்தாழ 3.7 மி.மீ. அதே இழையை இன்ஃபியூஷனில் 65 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ரெசின் 1.6 கிலோ, மொத்தம் 4.6 கிலோ, தடிப்பு 2.5 மி.மீ. எடையில் நான்கில் ஒரு பங்கு மிச்சம். கையேடு இங்கே நிறுத்திவிடும். தகட்டின் விறைப்போ தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இழை அடர்த்தி கூடியதால் கிடைக்கும் ஆதாயத்தைச் சேர்த்துப் பார்த்தாலும், மெலிந்த தகட்டின் விறைப்பு பழைய தகட்டின் விறைப்பில் ஏறத்தாழ பாதிதான். கையால் கட்டிக்கொண்டிருந்த படகின் அதே அடுக்குப் பட்டியலை அப்படியே இன்ஃபியூஷனுக்கு மாற்றினால், இலேசான, ஆனால் அலையில் அடிப்பக்கம் உள்வாங்கி வெளித்தள்ளும் படகுதான் கிடைக்கும். மாறுகிறவர் கோர் சேர்க்க வேண்டும், அல்லது உள்ளே குறுக்குச் சட்டங்களை நெருக்க வேண்டும், அல்லது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். அதாவது, முறையை மாற்றுவது வடிவமைப்பையும் மாற்றுவது. வடிவமைப்பாளரிடம் திரும்பப் போகாமல் இதைச் செய்யக்கூடாது.

அடுத்தது ரெசின் ஓட்டம். இழைக்குள் ரெசின் நகரும்போது, தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். முதல் அரை மீட்டருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு மீட்டருக்கு இருபது, இரண்டு மீட்டருக்கு எண்பது. அதற்குள் ரெசின் கெட்டிப்பட்டுவிட்டால் நடுவில் வறண்ட தீவு நிற்கும். அதனால்தான் ரெசின் நுழையும் குழாய்களை அருகருகே வைத்து, மேலே ஓட்டத்துக்கு வலைத்துணி விரித்து, கோரில் பள்ளங்களும் துளைகளும் போடுகிறார்கள். பொதுவாக 100 முதல் 400 மில்லிபாஸ்கல்-நொடி பாகுத்தன்மையுள்ள நீர்த்த ரெசின்தான் இதற்கு உதவும். கையால் அடுக்கும் கெட்டி ரெசினை வைத்து முயல்வது தோல்விக்கு அழைப்பு. வானிலை குளிர்ந்தால் ரெசின் தடிக்கும், ஓட்டம் மந்தமாகும். வெயில் ஏறினால் வேகமாக ஓடும், ஆனால் வேகமாக இறுகவும் செய்யும். தடித்த தகட்டை ஒரே முறையில் ஊட்டும்போது இறுகும் வெப்பம் உள்ளேயே தேங்கும். அதற்கு மெதுவாகச் சூடாகும் ரெசினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கசிவு இதைவிடக் கொடியது. பம்பை நிறுத்திவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக்கூடாது. ஊசிமுனைத் துளை ஒன்று போதும், அதைச் சுற்றி நுரைத்த ரெசினும் வெள்ளைத் திட்டுகளும் வர. கையால் அடுக்குபவருக்கு ஒரு குமிழி, இங்கே ஒரு பக்கச்சுவர். படகுடலே பாழாகும் நிலைமையும் உண்டு, அந்த இழப்பைத் தாங்கும் பணமும் மனமும் இல்லாதவர் முதல் இன்ஃபியூஷனை முழுப் படகில் செய்யக்கூடாது. மூடிப் பலகை, இருக்கை, சிறிய மேல்தளத் துண்டு என்று தொடங்க வேண்டும்.

குப்பையையும் சொல்லியாக வேண்டும். பை, ஒட்டுபட்டை, வலைத்துணி, சுருள் குழாய், உரித்தெடுக்கும் துணி, குழாய்களில் தேங்கி இறுகிய ரெசின் எல்லாம் ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை வீசப்படும். ஒரே வடிவம் பல முறை வருமானால் திரும்பத் திரும்பப் பயன்படும் சிலிக்கோன் பையைச் செய்து இதைக் குறைக்கலாம். பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை: தடித்த தைத்த துணியை ஜெல்கோட்டுக்கு நேர் பின்னால் வைத்து ஊட்டினால், சில மாதங்களில் துணியின் நெசவு வெளிப்பளபளப்பில் தெரியத் தொடங்கும். அதனால் இன்ஃபியூஷன் பட்டறைகளும் ஜெல்கோட்டுக்குப் பின்னால் முதல் மேட் அடுக்கைக் கையால்தான் போடுகின்றன. மாறிவிட்டதாகச் சொல்லும் இடத்திலும் ரோலர் ஓய்வு பெறவில்லை.

இரண்டு பக்கமும் அச்சு, அல்லது உலை

ஆர்டிஎம் லைட் என்பது பைக்குப் பதிலாக இரண்டாவது அச்சை, வளையக்கூடிய மெல்லிய அச்சை, மேலே வைத்து வெற்றிடத்தால் கவ்விப் பிடிப்பது. உருப்படியின் இரண்டு முகமும் வழவழப்பாக வரும்; பை வீணாவதில்லை. மூடிகள், பெட்டிக் கதவுகள், இருக்கைகளுக்கு மிகப் பொருத்தம். முழுப் படகுக்கு இரண்டு துல்லியமான அச்சுகள் செய்வதற்கு எண்ணிக்கை நிறைய வேண்டும்.

ப்ரீப்ரெக், ரெசின் ஏற்கெனவே சரியான அளவில் ஊட்டப்பட்ட இழை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் வைத்திருந்து, எடுத்து அடுக்கி, வெற்றிடத்தின் கீழ் 80 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி இறுகவைக்க வேண்டும். வெளியில் எடுத்த நேரத்தையெல்லாம் கூட்டிக் குறித்துவைக்க வேண்டும். காலாவதியானால் இழை நன்றாகத் தோன்றினாலும் வீண். சில அடுக்குகளுக்கு ஒருமுறை வெற்றிடம் பிடித்து அமுக்க வேண்டும். படகு நுழையும் அளவு உலையும், அந்த வெப்பத்தில் வடிவம் மாறாத அச்சும் தேவை. இதில் கிடைப்பதை வேறு எதிலும் பெற முடியாது: மிகத் துல்லியமான இழை அளவு, தேன்கூட்டு வடிவக் கோரைப் பயன்படுத்தும் வாய்ப்பு. இன்ஃபியூஷனில் தேன்கூடு வைத்தால் அறைகளெல்லாம் ரெசினால் நிரம்பிவிடும். அமெரிக்கா கோப்பைப் பந்தயப் படகுகள் இந்த வழியில் கட்டப்படுகின்றன. பந்தயம் இல்லாத இடத்தில் ப்ரீப்ரெக் பற்றி விசாரிப்பவரிடம் நான் கேட்பது, கடைசி ஐந்து சதவீத எடை யாருக்காக என்பதுதான். எரிபொருள், பயணச் சுமை, உள்ளே அடைக்கும் சாமான் எல்லாம் ஏறிய பிறகு அந்த வேறுபாடு தேடினாலும் கிடைக்காது.

ஒரே ஒரு படகு மட்டும் போதுமென்றால்

அச்சே வேண்டாம். மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ஃபோம் பட்டைகளையோ மெல்லிய மரப் பட்டைகளையோ ஒட்டி, வெளிப்பக்கம் இழையும் ரெசினும் போட்டு, கவிழ்த்துத் திருப்பி உள்பக்கமும் அடுக்கலாம். கட்டுவது வேகம். ஆனால் வெளிப்பரப்பை வழவழப்பாக்கும் வேலையை அச்சு செய்து தராது, நீங்கள்தான் செய்ய வேண்டும். பள்ளம் நிரப்பும் பசைமாவு பூசி, நீண்ட பலகையால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, இது பலரின் படகுக் கனவைப் பாதியில் நிறுத்தும் கட்டம். தோளில் வலி இல்லாமல் யாரும் இதை முடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிளைவுட் தகடுகளைக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி இழைப் பட்டை ஒட்டும் முறை இன்னும் எளிது. 1963-இல் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு இப்படித்தான் கட்டப்பட்டது. 70,000-க்கும் மேற்பட்ட படகுகள் உருவாயின, பெரும்பாலானவற்றை அனுபவம் இல்லாதவர்களே வீட்டில் கட்டினார்கள். வளைவு இரு திசையிலும் அதிகமுள்ள வடிவங்களுக்கு இது ஒத்துவராது. அது ஒன்றைத் தவிர, முதல் படகைக் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை.

ரெசினும் உடம்பும்

முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே ரெசினும் ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது. ஆர்த்தோ பாலியெஸ்டர் மலிவு. நீண்ட நாள் நீரில் நிற்கும் படகில் ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளங்கள் வர இடம் கொடுக்கும். ஐசோ என்ற பாலியெஸ்டர் வகை அதைவிட மேல். வைனைல் எஸ்டர் நீரை நன்றாகத் தடுக்கும். செலவைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் ஜெல்கோட்டுக்குப் பின்னாலுள்ள முதல் அடுக்குகளுக்கு மட்டும் வைனைல் எஸ்டரும், உள்ளே பாலியெஸ்டரும் போடுவது நியாயமான சமரசம். எபாக்சி ஒட்டுவதிலும் வலிமையிலும் முன்னால் நிற்கும்; மரத்துக்கும் கார்பனுக்கும் அதுதான். ஆனால் சாதாரண மேட்டைப் பிடித்துவைக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் அது கரையாமல் மேட் விறைத்துக்கொண்டு மூலைகளில் படியாது. எபாக்சிக்கு மாறினால் துணியையும் மாற்ற வேண்டும்.

அடர்நிறப் படகை விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெயிலில் கறுப்பு அல்லது கருநீல உடல் 70 டிகிரிக்கு மேலும் சூடாகும். அறை வெப்பத்திலேயே இறுகிய எபாக்சி அந்தச் சூட்டில் இளகத் தொடங்கலாம். கட்டிய பிறகு கூடாரம் போட்டுச் சூடேற்றிப் பதப்படுத்தும் வசதி இல்லாவிட்டால் வெள்ளை நிறத்தோடு சமாதானமாகிவிடுவது நல்லது.

உடம்பைப் பற்றி. ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் அதிகமுள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018-இல் சேர்த்தது. திறந்த அச்சில் வேலை செய்யும் பட்டறைகள் வெளியேற்றும் ஆவிக்கு அமெரிக்கா 2001-இலேயே வரம்பு விதித்தது; மூடிய முறைகளை நோக்கிப் பெரிய பட்டறைகள் நகர்ந்ததற்கு எடையைவிட இது பெரிய காரணம். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை என்று நிம்மதி கொள்ளவும் முடியாது: தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது, அந்த ஆள் அதற்குப் பிறகு எபாக்சி அருகே வரவே முடியாமல் போகும். கையுறையும் முகமூடியும் எல்லா முறைக்கும் பொது. தேய்க்கும்போது எழும் தூசிக்கு முறை வேறுபாடு தெரியாது.

கலந்து கட்டுவதில் தவறில்லை

ஒரு படகை ஒரே முறையில் முழுதாகக் கட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. படகுடலை இன்ஃபியூஷனில் எடுத்து, மூடிகளை ஆர்டிஎம் லைட்டில் எடுத்து, குறுக்குச் சட்டங்களையும் மேல்தள இணைப்பையும் கையால் ஒட்டுவது சாதாரணமாக நடப்பது. எப்படிக் கட்டினாலும், பின்னால் பழுதுபார்க்கும் வேலை கையால்தான் நடக்கும்: உடைந்த இடத்தைத் தடிப்பைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஆகவே படகு ஓடும் இடத்தில் கையால் அடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, அவருக்கு அந்தத் துணியும் ரெசினும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் படகு வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கார்பன் மின்சாரம் கடத்தும், ஆகையால் அலுமினியப் பொருத்திகளை அதன் மேல் நேரடியாகப் பூட்டினால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும்; நடுவே கண்ணாடி இழை அடுக்கு வைத்துப் பிரிக்க வேண்டும்.

என்னிடம் முடிவாகக் கேட்டால், அனுபவம் குறைந்த பட்டறையில் ஒன்றிரண்டு படகுகள் என்றால் கையால் அடுக்கி, கோரை மட்டும் பையால் ஒட்டச் சொல்வேன். ஒரே வடிவத்தில் தொடர்ந்து ஆர்டர் இருக்கிறது, அச்சைப் புதிதாகச் செய்யப்போகிறோம் என்றால் முதலிலிருந்தே இன்ஃபியூஷனுக்கான அகல விளிம்போடு அச்சைச் செய்து, வடிவமைப்பாளரைக் கோருடன் புதிதாகக் கணக்குப் போட வைப்பேன். அச்சு பழையது, ஆர்டர் நிச்சயமில்லை என்ற நிலையில் இன்ஃபியூஷனுக்கு மாறுவது அவசரம்.

முடிவெடுக்கும் முன் பட்டறையின் சொந்தத் தகட்டைச் சோதித்துப் பாருங்கள். அவர்கள் வழக்கமாக அடுக்கும் அதே ஆட்கள், அதே ரெசின், அதே துணியில் ஒரு தகடு செய்யச் சொல்லுங்கள். அதிலிருந்து சிறு துண்டு வெட்டி, எடை போட்டு, சூளையில் சுமார் 600 டிகிரியில் ரெசின் முழுக்க எரிந்துபோகும்வரை வைத்து, மீந்த கண்ணாடி இழையை மறுபடி எடை போட்டால் உண்மையான இழை சதவீதம் தெரிந்துவிடும். சிறு கலங்களின் உடல் வலிமைக்கான ஐஎஸ்ஓ 12215 தரத்தின்படி கணக்குப் போடும் வடிவமைப்பாளரும் இந்த எண்ணைத்தான் கேட்பார். மீந்த இழை அடுக்கடுக்காகப் பிரிந்து வரும் என்பதால், சொன்ன எண்ணிக்கையில் அடுக்குகள் இருக்கின்றனவா என்றும் எண்ணிக்கொள்ளலாம். கார்பன் தகட்டுக்கு இந்தச் சோதனை ஆகாது. அந்த வெப்பத்தில் இழையும் சேர்ந்து எரியத் தொடங்கும்.